சித்தக் கலக்கமா, மூளை நாடி நோயா?

நேற்றுவரை தெளிவாகப் பேசி நடமாடிய ஒருவர், இன்று திடீரெனக் கிழமை தெரியாது, வீட்டாரையும் இனங்காணாது தடுமாறினால், “சித்தம் கலங்கிவிட்டது” என்பர் சிலர். “ஏதோ தீண்டிவிட்டது” என்பர் வேறு சிலர். இரத்தத்திற் சீனி குறைதல், கிருமித்தொற்று முதலியனவே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். சிற்சிலரில் மாத்திரம் மூளைக்குச் செல்லும் நாடிகளின் அரிய நோயொன்று காரணமாகலாம். அவ்வகையில் ஒன்றே ‘மொயாமொயா’ நோய்.

மூளையின் நிறை உடல் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கையிற் செலவாகும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்களவை அதுவே பெறுகின்றது. கழுத்தின் இரு புறமும் மேலேறும் பெருநாடிகள் இதனைக் கொண்டுசெல்கின்றன. இந்நோயில் அந்நாடிகள் மண்டையோட்டினுள்ளே கிளைவிடும் இடத்திற் சிறிது சிறிதாக ஒடுங்குகின்றன. குறையை ஈடுசெய்ய, மூளையின் அடிப்புறத்தில் எண்ணற்ற நுண்குழாய்கள் பருத்துப் பின்னிக்கொள்கின்றன.

யப்பானில் 1957ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு, 1969இல் சுசுக்கி, தக்காக்கு என்னும் வைத்தியர் இருவர் இப்பெயரை வழங்கினர். எக்ஸ்றேப் படத்தில் அந்நுண்குழாய்கள் காற்றில் மிதக்கும் புகைச்சுருள்போலத் தோன்றின. ‘மொயாமொயா’ என்னும் யப்பானியச் சொல் அம்மங்கலான தோற்றத்தையே குறிக்கும். கீழைத்தேயங்களில் மிகுதியாயினும், இந்நோய் பிற நாட்டினரிடத்தும் உண்டு. ஆண்களிலும் பெண்களையே இது கூடுதலாகப் பீடிக்கின்றது. சிறுவரிலும், நாற்பது வயதை அண்டியவரிலும் பெரிதும் வெளிப்படும்.

புதிய குழாய்கள் மெலிந்தவை. அவை வெடிப்பின் மூளையினுள் இரத்தம் கசியும். இரத்தம் போதாவிடின் மூளையின் பகுதிகள் வாடும். நெற்றிப்புற மூளை வாடினால், கைகால் வழங்காமை தோன்றாமலே அறிவு மயங்கலாம். ஆதலாற்றான் இது மனநோயெனத் தவறாகக் கொள்ளப்படுகின்றது.

ஒடுங்கிய நாடியை மீண்டும் விரிக்கும் மருந்து இல்லை. எனினும், உச்சந்தலைத் தோலுக்கு இரத்தம் வழங்கும் நாடியொன்றை மூளையின் மேற்பரப்பு நாடியுடன் இணைக்கும் சத்திரசிகிச்சையால் இரத்தவோட்டத்தைப் பெருக்கலாம். மூளை அழிந்தபின் செய்வதிலும், அழியுமுன் செய்வதே பயன் தரும்.

எனவே, வளர்ந்தவர் ஒருவரின் அறிவு திடீரெனத் தடுமாறினால், அது தானே தெளியுமெனக் காத்திருத்தலும், மந்திரிப்பவரைத் தேடுதலும் தகா. சிறிது நேரத்திலே தெளிந்துவிடினும் அதனை அலட்சியஞ் செய்யலாகாது. தடுமாற்றம் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காரணம் எதுவென ஆராய்வது வைத்தியர் கடன். காலந் தாழ்த்தாமை நம் கடன்.