தலைவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை
ஆலைத் தொழிலாளரும் அறிவொளித் தொண்டரும் கற்றுத் தந்த பாடம்

புதுச்சேரி சாரம் பகுதியில் அவ்வைத் திடல் என்று ஒரு மைதானம் இருக்கிறது. பொருட்காட்சி வந்தால் ராட்டினம் சுற்றும். தேர்தல் வந்தால் மேடை முளைக்கும். ஒலிபெருக்கி முழங்கும், மாலைகள் குவியும். கூட்டம் கலைந்த பிறகு, "இந்தத் தலைவர்களெல்லாம் எங்கிருந்து வருகிறார்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? வானத்திலிருந்து குதிக்கிறார்களா? தாயின் வயிற்றிலேயே தலைவர்களாகப் பிறக்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. புதுவையின் சரித்திரமே பதில் சொல்கிறது.

சங்கு ஊதிய காலம்

பிரெஞ்சு ஆட்சியில் புதுவையின் உயிர்நாடியாக இருந்தவை மூன்று பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. பின்னாளில் இவையே சுதேசி ஆலை, ஏ.எப்.டி., பாரதி ஆலை என்று பெயர் பெற்றன. சங்கு ஊதினால் ஆணும் பெண்ணும் சிறுவரும் ஆலைக்குள் நுழைய வேண்டும். வேலை நேரமோ நாளொன்றுக்குப் பத்து மணிக்கும் மேல். கூலி சொற்பம். குறையை எடுத்துச் சொல்லச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது.

இந்த நிலையில்தான் வ. சுப்பையா என்ற இளைஞர் பொதுவாழ்வில் இறங்கினார். 1911ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தொடக்கத்திலேயே ஆலை வாசலில் போய் நின்று பிரசங்கம் செய்துவிடவில்லை. முதலில் இளைஞர்களைச் சேர்த்தார். அரிஜன சேவையில் ஈடுபட்டார். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுவைக்கு வந்ததில் அவருடைய முயற்சிக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டு ஜூன் மாதம் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

பத்திரிகை என்றால் வெறும் காகிதமா? எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பது அந்நாளைய தமிழ்நாட்டின் வழக்கம். படிப்பவர் நடுவில் நிறுத்துவார், கேட்பவர் சந்தேகம் எழுப்புவார், பேச்சு வளரும். இன்று கேட்பவன் நாளை பேசுவான். தலைவனுக்கு முதல் பள்ளிக்கூடம் இப்படிப்பட்ட திண்ணைதான்.

ஜூலை 30

1935இல் சவானா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. அடுப்பில் பூனை தூங்கும் நாட்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஒரே உறுதியில் நிறுத்தி வைப்பது மேடைப் பேச்சால் ஆகிற காரியமல்ல. தெருவுக்குத் தெரு, பிரிவுக்குப் பிரிவு ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியூரிலிருந்து வரமாட்டான். பக்கத்துத் தறியில் நிற்பவனாகத்தான் இருப்பான்.

1936 ஜூன் மாதம் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் பெற்றார்கள். அந்தக் காற்று கடல் கடந்து புதுவைக்கும் வீசியது. ஜூலையில் இங்கும் தொழிலாளர் ஆலைக்குள் அமர்ந்தனர். ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிகள் வெடித்தன. 12 தொழிலாளர் பிணமாகச் சாய்ந்தனர்.

ரத்தம் வீண்போகவில்லை. ஜவஹர்லால் நேருவின் யோசனையைக் கேட்டுக்கொண்டு சுப்பையா பாரிஸ் நகருக்குச் சென்று அங்குள்ளவர்களிடம் நியாயம் கேட்டார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதி வெளியான ஆணை சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தது. எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. ஆசியாவிலேயே முதலில் இந்த உரிமையைப் பெற்றவர்கள் நாங்களே என்று புதுவைத் தொழிலாளர் பெருமையோடு சொல்வதுண்டு.

கரும்பலகையிலிருந்து ஒரு படை

அரை நூற்றாண்டு கழிந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி, 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுவை இந்தியாவின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. ஆனால் எழுத்தறியாமை மட்டும் இறங்க மறுத்தது. 1989இல் புதுவை அறிவியல் இயக்கத்தினரும் அரசும் கைகோத்து அறிவொளி இயக்கத்தைத் தொடங்கினர்.

இதன் பயிற்சி முறை சுவாரஸ்யமானது. முதலில் ஒரு சிறு குழு நன்றாகப் பயிற்சி பெறும். அவர்கள் போய்ப் பல பயிற்சியாளரைத் தயாரிப்பார்கள். அந்தப் பயிற்சியாளர் ஊர்தோறும் தொண்டர்களைத் தயாரிப்பார்கள். ஒரு தொண்டருக்குச் சுமார் பத்துப் பேர் மாணவர். சம்பளம் கிடையாது. மாலையில் விளக்கடியில் வகுப்பு. பாட்டும் வீதி நாடகமும் ஊரைக் கூட்டின.

தொண்டர்களில் இளம் பெண்கள் ஏராளம். அதுவரை நாலு பேர் முன் வாய் திறக்காத பெண், தன் தாய் வயதுள்ளவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தாள். "இன்று ஏனம்மா வரவில்லை?" என்று வீடு தேடிப் போனாள். போன இடத்தில் குடிகாரக் கணவனையும் கண்டாள். தண்ணீர் வராத குழாயையும் கண்டாள். எழுத்துச் சொல்லித்தரப் போனவள் ஊர்க் குறையைப் பேசக் கற்றுக்கொண்டாள்.

இதே இயக்கம் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பரவியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். கையெழுத்துப் போடத் தெரிந்த கை, கணக்கையும் கேட்கத் துணிந்தது!

யார் அடுத்தவர்?

இரண்டு கதைகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இரண்டிலும் தலைவர் தம்மைச் சுற்றித் துதிபாடிகளை வளர்க்கவில்லை. தமக்குப் பதிலாக நிற்கக்கூடியவர்களை வளர்த்தார். ஒருவரை மட்டும் நம்பிய சங்கம் அவர் சிறை போனால் படுத்துவிடும். பத்துப் பேரைப் பழக்கிய சங்கம் பதினோராவது ஆளைத் தானே தேடிக்கொள்ளும்.

சுப்பையா 1993இல் மறைந்தார். ரயில் நிலையம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2020இல் அந்த மூன்று ஆலைகளுமே மூடப்பட்டுவிட்டன; சங்கு ஊதுவது நின்றுவிட்டது. தொழிலாளர் மட்டும் இல்லாமல் போய்விடவில்லை. ஓட்டல்களிலும் ஜவுளிக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும், வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள்களிலும் அவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை ஒன்று சேர்ப்பதற்கே உயிர்ப்பலி தேவைப்பட்டது. கூரையே இல்லாதவர்களைச் சேர்ப்பது எவ்வளவு சிரமம்!

ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் தேதி புதுவையில் அந்தப் பன்னிரண்டு பேருக்கு அஞ்சலி நடக்கிறது. மலர் தூவுவது நல்லதுதான். அதோடு ஒவ்வொருவரும் தம் தெருவில் ஓர் இளைஞனையோ ஒரு பெண்ணையோ அருகில் அழைத்து உட்காரவைத்து, "நீ பேசு, நாங்கள் கேட்கிறோம்" என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய அஞ்சலி ஆகும்.