கிருமியை இனங்காட்டும் கிருமி

தைப்பூசத் திருநாளில் பினாங்கு தண்ணீர்மலைக்குப் பால்குடம் ஏந்திச் செல்லும் தோட்ட மக்கள் பாலைப் பேணும் முறை அறிந்தவர்கள். எனினும், கண்ணுக்குத் தூயதாகத் தோன்றும் பாலிலும் நோய் மறைந்திருத்தல் கூடும். இதே பினாங்கில், ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலைப் பருகிய 79 பேருக்குப் புருசெல்லா நோய் கண்டதாக 2015ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ அறிக்கை கூறுகிறது. காய்ச்சல், வியர்வை, கடுஞ்சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். டிங்கியோ என்று ஐயுறத் தக்கவை. நோய் இன்னதென்று தெளியச் சராசரியாக 53 நாட்கள் சென்றன!

புருசெல்லாக் கிருமியில் பல இனங்கள் உண்டு. மாடுகளைப் பெரிதும் பற்றுவது அபார்ட்டஸ். ஆடுகளைப் பற்றுவது மெலிட்டென்சிஸ். ஆடும் மாடும் அருகருகே வளருமிடத்தில் ஆட்டின் நோய் மாட்டையும் தொற்றும். பல மரங்களின் பால் ஒரே வாளியில் சேர்ந்தபின், எது எம்மரத்துப் பால் என்று கூற இயலுமா? நுண்ணோக்காடியில் இக்கிருமிகளும் அவ்வாறே ஒன்றுபோல் தோன்றும். இனம் தெரியாவிடில், நோயின் ஊற்று மாட்டுக் கொட்டகையா, ஆட்டுக் கொட்டகையா என்பதும் தெரியாது.

இங்குதான் ‘பேஜ்’ துணைபுரிகிறது. இது பாக்டீரியாவையே இரையாகக் கொள்ளும் வைரஸ். மனிதரையோ மாட்டையோ பற்றாது. கங்கை, யமுனை நதிநீர் வாந்திபேதிக் கிருமியைக் கொல்வதையும், அந்நீரைக் காய்ச்சினால் அவ்வாற்றல் அகல்வதையும் 1896இல் ஹேன்கின் என்பார் எழுதினார். காரணம் அன்று விளங்கவில்லை. 1917இல் பாரிசில் டி’எரெல் என்னும் அறிஞர் பாக்டீரியாவை அழிக்கும் இந்நுண்பொருளுக்கு ‘பாக்டீரியோபேஜ்’ எனப் பெயரிட்டார்.

ஒவ்வொரு பேஜும் தனக்குரிய கிருமியை மட்டுமே தாக்கும். சோதனைக்கூடத்தில், மாட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கூழ்த்தட்டில் பரப்பி வளர்ப்பர். அதன்மேல் ‘திபிலீசி’ என்னும் பேஜ் கலந்த நீரை ஒரு துளி இடுவர். கிருமி அபார்ட்டஸ் ஆயின், துளி விழுந்த இடம் மட்டும் கிருமி அழிந்து தெளிந்த வட்டமாகும். மெலிட்டென்சிஸ் ஆயின் வட்டம் தோன்றாது. எளிய முறைதான், ஆயினும் இக்கிருமியைக் கையாள்வது ஆபத்தானது. பினாங்கில் இரத்த மாதிரிகளைக் கையாண்ட சோதனைக்கூடப் பணியாளர் நால்வரையும் நோய் பற்றியது. இந்நாளில் மரபணுச் சோதனைகளும் இப்பணியைச் செய்கின்றன.

சினைமாடு கன்று வீசினால், அதனையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாது, கால்நடை மருத்துவ அலுவலகத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சியே பருகுதல் வேண்டும். அச்சூட்டில் புருசெல்லாக் கிருமி மடிந்துவிடும்.