ஒரு பெயரைத் தேடி சால்ட் லேக் சிட்டிக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டி. குளிர் இன்னும் விலகாத பிப்ரவரி, மார்ச் வாக்கில் அங்குள்ள 'சால்ட் பேலஸ்' மாநாட்டு வளாகத்தில் 'ரூட்ஸ்டெக்' என்ற கூட்டம் கூடுகிறது. 2011-இல் தொடங்கியது. தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், பாட்டியின் பிறந்த வீடு எது என்று தேடுகிற சாதாரணக் குடும்பத்தினருக்காகவே நடக்கும் மாநாடு இது. கொரோனாவால் 2021-இல் முழுக்க இணையத்துக்கு மாறியபோது, பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். அன்று முதல் பல வகுப்புகளை வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஏன் அந்த ஊர்? மார்மன் திருச்சபையின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிய வேண்டுமே! 1894-இல் ஒரு வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். 1938 முதல் உலகெங்கும் போய் தேவாலயப் பதிவேடுகளையும் அரசு ஆவணங்களையும் மைக்ரோபிலிமில் படம் பிடித்தார்கள். ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் ஏடுகள்கூட அந்தப் படச்சுருளில் ஏறின. அப்படிச் சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களை ஊருக்கு வெளியே கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் காத்தார்கள். அவற்றை டிஜிட்டலாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. இறந்தோருக்கான ஞானஸ்நானம் என்ற நம்பிக்கை உரசலும் உண்டாக்கியிருக்கிறது. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயரிலும் சடங்கு நடந்தது தெரிந்து யூத அமைப்புகள் கொதித்தன. அதை நிறுத்துவதாக 1995-இல் உடன்பாடு செய்துகொண்டார்கள்.

மாநாட்டு வளாகத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் திருச்சபையின் குடும்ப வரலாற்று நூலகம் இருக்கிறது. காலையில் வகுப்பில் கேட்டதை மாலையில் அங்கே போய்த் தேடிப் பார்க்கலாம். இந்த வசதிக்காகவே நேரில் போகலாம்.

கண்காட்சிக் கூடத்தில் மென்பொருள் விற்பவர்களும் மரபணுச் சோதனை நிறுவனங்களும் கண்ணைப் பறிப்பார்கள். உண்மையான பலன் வகுப்பறைகளில்தான். குடும்பக் கதையை ஆவணத்தோடு உரசிப் பார்க்க அங்கே பழக்குகிறார்கள். "எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி எங்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்" என்பது அமெரிக்க வீடுகளில் வழிவழியாக வரும் கதை. 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்தத் தீவின் குடியேற்ற நிலையம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் குடியேறிய பிறகு குடும்பங்களே பெயரை மாற்றிக்கொண்டன. இது தெரிந்தவர் தேடும் இடமே மாறிவிடும்.

ஆவணமே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களின் கதை இன்னும் கனமானது. 1850, 1860 அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை இருக்கும். அடிமைகளின் பெயர் மட்டும் அநேகமாக எங்குமே இராது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவான முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870-இல்தான் வந்தது. கறுப்பினக் குடும்பங்களின் தேடல் அதற்கு முன்னால் போக முடியாமல் முட்டி நிற்பதால் ஆய்வாளர்கள் அதை '1870 சுவர்' என்றே சொல்கிறார்கள்.

அந்தச் சுவரில் ஒரு திறப்பு, விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865-இல் தொடங்கி 1874-இல் திவாலான ஃப்ரீட்மன்ஸ் வங்கி. பலரது சேமிப்பு திவாலோடு போனாலும் பதிவேடு பிழைத்தது. பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வந்தவர் அவரேதானா என்று பிறகு உறுதி செய்ய, கணக்கு தொடங்கும்போதே குமாஸ்தா கேட்டு எழுதினார்: பிறந்த இடம், வளர்ந்த இடம், பழைய எஜமான், தோட்டத்தின் பெயர், துணை, பிள்ளைகள், அப்பா, அம்மா, உடன்பிறந்தோர். அடையாளம் காண எழுதிய இந்த வரிகளில்தான் சந்தையில் பிரித்து விற்கப்பட்ட அண்ணனும் தங்கையும் பெயரோடு கிடைக்கிறார்கள். இந்த ஏடுகளுக்கு அட்டவணை தயாரித்தவர்கள் யூட்டா மாநிலச் சிறைவாசிகள். 550-க்கும் மேற்பட்டவர்கள் 11 ஆண்டு உழைத்து எடுத்த சுமார் 4,80,000 பெயர்கள் 2001-இல் வெளியாயின. யாரோ முகம் தெரியாத குடும்பத்துக்காகச் சிறைக்குள் உட்கார்ந்து மங்கிய கையெழுத்தைப் படித்தவர்களின் இந்த உழைப்பு போற்றத்தக்கது.

மரபணுச் சோதனைக்கு வருவோம். எச்சில் மாதிரியை அனுப்பினால் உறவினர் பட்டியல் வரும். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும் என்பது போன்ற கணக்கில் அது இயங்குகிறது. அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறைகளாகக் கட்டிவந்த நம் குடும்பங்களில் இந்தக் கணக்கு தடுமாறும். ஒருவரோடு பல வழியில் உறவு இருப்பதால், தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய உறவாகத் தெரியும். தமிழர்கள் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. இன்னொன்று, ஒருவர் கொடுக்கும் மாதிரி அவர் உறவினர்களையும் காட்டிக்கொடுக்கும். 2018-இல் கலிஃபோர்னியாவில் பழைய கொலை வழக்கு ஒன்றில் குற்றவாளி சிக்கியது, தூரத்து உறவினர்கள் வம்சாவளித் தளத்தில் ஏற்றிவைத்த தகவலால்தான். லட்சக்கணக்கானோரின் மாதிரியை வைத்திருந்த '23அண்ட்மீ' சோதனை நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, அந்தத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கவலை எழுந்தது.

தமிழர்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஆவணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,000-க்கும் அதிகமான இந்தியர்கள் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை டர்பனில் உள்ள காந்தி - லுத்துலி ஆவண மையம் டிஜிட்டலாக்கியிருக்கிறது.

குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் கிராமப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் புரியாது. வாய்விட்டு வாசித்தால் சில சமயம் பிடிபடும். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். ஜில்லா 'வட ஆற்காடு' என்றிருந்தால் மேலும் கவனம் வேண்டும். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்ந்திருந்தது. 1911-இல் அது தனி மாவட்டமாகி இன்று ஆந்திராவில் இருக்கிறது. மிச்சமிருந்ததிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. பிறகும் எஞ்சி, வேலூர் என்று பெயர் மாறிய மாவட்டம் 2019-இல் மூன்றானது. டர்பனிலிருந்து ஊர் தேடி வருகிறவர், எண், கப்பல், தாலுகா மூன்றையும் குறித்துக்கொண்டு, முதலில் அந்தத் தாலுகா இன்று எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகுதான் எந்த ஊர் ஆவணத்தைக் கேட்பது என்று தெரியும்.