பார்த்துப் பாய்ச்சும் நீர்

கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே கவரைப்பேட்டையை நோக்கி வரும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பொழுது புலர்ந்தும் புலராமலும் இருக்கிற வேளையில் சற்றே நின்று பார்ப்பவருக்கு, ஒரே ஊரின் இரண்டு ஜீவனங்கள் ஒன்றையொன்று தாண்டிப் போவது கண்ணில் படும். தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி வண்டிகள் இளைஞர்களை அள்ளிக்கொண்டு ஒரு பக்கம் விரைய, தோளில் மண்வெட்டியும் தலையில் துண்டுமாக, வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் மடை பார்ப்பதற்காகக் கழனிக்கு இறங்கிக்கொண்டிருப்பார்கள். வண்டியில் போகிறவனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம். கழனியில் இறங்குகிறவருக்கு நிச்சயமானது செலவு ஒன்றுதான். ஆயினும் திருவள்ளூர் மாவட்டத்தில் நெல் விளைவது இன்னும் நிற்கவில்லை. அது எவ்வாறு நிற்காமல் நடக்கிறது, இனியும் நடக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே நாம் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம்.

'நீடித்த வேளாண்மை' என்னும் தொடர் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் அடிக்கடி கேட்கிறது. கழனிக்கு அது அந்தப் பெயரோடு வருவதில்லை. எந்த ரகத்தை விதைப்பது, எந்தப் பட்டத்தில் விதைப்பது, இன்று மோட்டார் போடுவதா நாளைக்குப் போடுவதா, யூரியா ஒரு மூட்டையா ஒன்றரை மூட்டையா, பக்கத்துக் கழனிக்காரர் மருந்து அடித்துவிட்டார் என்பதற்காக நாமும் அடிப்பதா என்று, சின்னச் சின்னத் தீர்மானங்களின் உருவிலேயே அது வருகிறது. இந்தத் தீர்மானங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் செய்யலாம்: வழக்கத்தைக் கொண்டு செய்யலாம், பயிரையும் மண்ணையும் பார்த்துவிட்டுச் செய்யலாம். புதிய முறைகள் என்று நமக்குச் சொல்லப்படுகிறவற்றில் மிகுதியானவை, ஆராய்ந்து பார்த்தால், கொடுப்பதற்கு முன்னால் பார்ப்பதற்கான உபாயங்களே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ரகத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொள்வோம். சித்திரை வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை என்று மூன்று பட்டங்கள் இந்த வட்டாரத்தில் வழங்குகின்றன. மூன்றுக்கும் ஒரே விதை ஒத்துவராது. கோடையில் நிற்கும் சொர்ணவாரிக்குக் குறுகிய வயதுடைய ரகம் வேண்டும், மழையை நம்பி நிற்கும் சம்பாவுக்கு வயது கூடுதலாக இருந்தாலும் தாங்கும். இந்தப் பொருத்தத்தைப் பரீட்சித்துச் சொல்வதற்கென்றே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த நெல்லுக்கெல்லாம், திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரைச் சுருக்கி, 'டி.கே.எம்.' என்று அடைமொழி சூட்டுவது மரபு. சிவப்பு அரிசியாய், குட்டையாய், பருமனாய் விளையும் டி.கே.எம். 9 இட்லிக்கு உகந்தது. 2015-ல் வெளியான டி.கே.எம். 13 சன்ன ரகம், சம்பாவுக்கு ஏற்றது.

ஆனால் இந்த நிலையத்தின் கீர்த்தி இவ்விரண்டோடு நிற்பதன்று. 1952-ல் வெளியான டி.கே.எம். 6 என்னும் நெல்லுக்கு, குருத்துப்பூச்சியின் தாக்குதலைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தக் குணத்துக்காகவே அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து 1969-ல் ஐ.ஆர். 20-ஐ உண்டாக்கினார்கள், 1976-ல் வந்து, ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகப் பரப்பில் நடப்பட்ட நெல் என்று பெயர் வாங்கிய ஐ.ஆர். 36-இன் வம்சாவளியிலும் திரூரின் இரத்தம் கலந்திருக்கிறது. பூச்சியை மருந்தினால் கொல்வதைக் காட்டிலும், பூச்சியைத் தாங்கும் விதையைத் தேர்ந்தெடுப்பது சிக்கனமானது என்ற பாடத்தை ஆசிய நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்டதில் இந்த மாவட்டத்து மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காவது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விதைக்கு அடுத்தது நீர். இங்கேதான் இந்தப் பிரதேசத்தின் கதை மற்றப் பிரதேசங்களின் கதையிலிருந்து வேறுபடுகிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் சரளையும் கீழே ஒரு பெரும் நீர்த்தொட்டியாக அமைந்திருக்கின்றன. மேலே பூண்டியும் சோழவரமும் புழலும், 2020 முதல் கண்ணன்கோட்டை-தேர்வாய்க்கண்டிகையும் என்னும் ஏரிகள் சென்னையின் தாகத்துக்காக நிற்பது போலவே, கீழேயுள்ள தொட்டியும் நகரத்துக்கு வாய்த்த சொத்தாயிற்று. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆராய்ச்சி நடத்தப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணறுகள் இறக்கப்பட்டு, நகரத்தின் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் நீர் போயிற்று. அதே தொட்டியிலிருந்து உழவர்களும் முப்போகத்துக்கு இறைத்தார்கள். இறைத்தவர்களில் ஒருவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. குடிக்க நீர் கேட்பதும் குற்றமன்று, பயிருக்கு நீர் கேட்பதும் குற்றமன்று. ஆனால் தொட்டிக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை என்பதையும், அந்தப் பக்கத்தில் இருப்பது கடல் என்பதையும் எல்லோரும் மறந்தார்கள்.

கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கூடுதல். அந்தச் சொற்ப வித்தியாசத்தினால் பூமிக்கடியில் நடப்பது சொற்பமானதன்று. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரம் நின்றால், அது மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம் வரையில் உப்புநீரை அண்டவிடாமல் தடுத்து நிற்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பிய அறிஞர்கள் கண்டு சொன்ன கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் நம் நிலைமை விளங்கும்: மோட்டார் ஒரு மீட்டர் நன்னீரை இறக்கினால், கீழே உப்பு நாளடைவில் நாற்பது மீட்டர் ஏறிவிடும். மீஞ்சூர்ப் பகுதியில் 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் வந்திருந்த உவர்நீர், 1980-களில் 9 கிலோமீட்டர் வரையில் வந்துவிட்டது. 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டமே வந்தது. உப்பு ஏறிய கழனியைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. காய்ந்த நாளில் வரப்போரம் வெள்ளை பூத்திருக்கும். நட்ட பயிர் பச்சையாய் எழும்பாமல், இலையின் நுனியிலிருந்து பழுத்துச் சுருண்டு, திட்டுத்திட்டாய்ச் சொட்டை விழுந்து நிற்கும். உவரைத் தாங்கும் கோ 43 போன்ற ரகங்கள் இருக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல். கிணறே உவர்த்துவிட்ட பிறகு ரகம் மட்டும் என்ன செய்யும்?

இன்னொரு தீர்மானமும் இந்த வட்டாரத்து உழவர்கள் முன் வந்தது. வறட்சி வந்த 2003, 2004 ஆகிய ஆண்டுகளிலும், பின்பு 2019-லும், நகரத்துக்காக உழவர்களின் கிணற்று நீர் விலைக்கு வாங்கப்பட்டது. நெல்லை விளைவித்து, களத்தில் அடித்து, மூட்டை கட்டி, ஈரப்பதம் பார்த்து, கொள்முதல் நிலையத்தின் வாசலில் காத்திருப்பதைவிட, குழாயைத் திறந்துவிட்டுக் காசை எண்ணுவது சுலபம் என்று ஓர் உழவருக்குத் தோன்றினால் அவரை யார் கடிந்துகொள்ள முடியும்? ஆனால் கிணறு இருக்கிறவர் நீரை விற்றார். கிணறு இல்லாமல் கூலிக்கு நடவு நட்ட பெண்ணுக்கு விற்க என்ன இருந்தது? பயிர் வைப்பதா நீரை விற்பதா என்ற தீர்மானத்தில் அவளுக்கு வாக்கு இல்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

பயிருக்கு மெய்யாகவே எவ்வளவு நீர் வேண்டும்? நெல்லென்றால் கழனியில் எப்பொழுதும் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. தேங்கிய நீர் களையை அடக்குகிறது என்பதனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் உண்டு. ஆனால் வேருக்கு வேண்டியது ஈரமே தவிர வெள்ளமன்று. இதை எவரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு எளிய சாதனம் வந்திருக்கிறது. ஒரு சாண் அகலத்துக்குக் குறைவான பிளாஸ்டிக் குழாயில் 30 சென்டிமீட்டர் நீளம் வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அந்தப் பாதி சேற்றுக்குள் இறங்கும்படி வரப்புக்கு அருகில் ஊன்றி, உள்ளே அடைத்த சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிட்டால் தீர்ந்தது. மேலே நிலம் காய்ந்து, மயிரிழை போல் வெடிப்புக்கூடக் காணத் தொடங்கியிருக்கும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கீழே நீர் பளபளவென்று நிற்கும். அந்த நீர் நிலமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்குகிற வரையில் பயிருக்குக் குறை ஒன்றுமில்லை. இறங்கிய பிறகு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விதம் காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் நீரில் சுமார் நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தலாம். தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உழவரின் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரமோ குறிப்பிட்ட நேரத்தில்தான் வரும். வருகிற நேரத்தில் இறைக்காமல் விட்டால் நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தினால், குழாயைப் பார்க்காமலே மோட்டார் ஓடுகிறது. மிச்சப்படுத்தியவருக்குக் காசாக ஒன்றும் கையில் நிற்பதில்லை. அவர் விட்டுவைத்த நீரைப் பக்கத்துக் கிணறு இழுத்துக்கொள்ளும். ஆகையால் ஒருவர் மட்டும் குழாய் ஊன்றுவதில் பிரயோஜனம் குறைவு. ஓர் ஏரிப் பாசனத்தார், ஓர் ஆற்றுக்கரைக் கிராமத்தார், சேர்ந்து இறங்கினால்தான் கீழேயுள்ள மட்டம் உயரும். ஆறுகளின் குறுக்கே கட்டப்படும் தடுப்பணைகளும் தூர்வாரிய ஏரிகளும் மேலிருந்து நீரைக் கொடுக்கிறபோது, கழனிகள் கீழிருந்து இழுப்பதைக் குறைத்தால் அன்றோ கணக்கு நேராகும்?

உரத்துக்கும் இதே நியாயந்தான். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரையில் வரிசையாகப் பட்டைகள் இட்ட சிறு அட்டை. நடவு நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை வேளையில், தன் நிழல் இலையின்மேல் விழும்படி வெயிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, முழுதும் விரிந்த மேலிலைகள் பத்தை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை நான்காம் பட்டையைவிட வெளிறியிருந்தால் யூரியா கொடுக்கலாம். பொன்னி ரகத்துக்கு மூன்றாம் பட்டையே எல்லை. இல்லாவிட்டால் மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய யூரியா பயிரைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கறுத்து நிற்கச் செய்யும். அந்தக் கருமையைக் கண்டு புகையான் பூச்சி கூட்டமாக வந்து தூரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதைக் கண்டு மருந்தடித்தால், புகையானைத் தின்றுவந்த சிலந்திகளும் வண்டுகளும் முதலில் மடியும். பிறகு வருகிற புகையான் முன்னைவிடப் பெருகும். நடவுக்கு முன் தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழும் பழைய பழக்கம் யூரியாச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. ஆயினும் அதற்கு இரண்டு பயிருக்கு இடையே ஆறு ஏழு வாரம் நிலம் காலியாக இருக்க வேண்டும். மூன்று போகமும் நெல்லே வைக்கிறவருக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

ஆள் பற்றாக்குறையைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினையாக மதிக்கிறேன். இளம் நாற்றைச் சதுரமாக நட்டு, உருளும் களைக்கருவியால் களை எடுத்துச் செய்யும் திருந்திய நெல் சாகுபடி, மடகாஸ்கரில் 1980-களில் ஒரு பாதிரியாரின் முயற்சியில் உருவாகி, ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும் என்று காட்டி, தமிழ்நாட்டில் நல்ல மகசூலும் தந்தது. அது பரவ வேண்டிய அளவுக்குப் பரவாததற்குக் காரணம் அந்த முறையின் குறையன்று. கயிறு பிடித்து நடவும் கருவி தள்ளவும் பழகிய கைகள், தொழிற்பேட்டையும் நகரமும் கூப்பிடுகிற இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது. பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் இங்கே கைகொடுக்கின்றன. முன்னோர் செய்துவந்த புழுதி விதைப்பையும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்: ஆடிக் கடைசியில் காய்ந்த நிலத்திலேயே விதைத்து, மழையில் முளைக்க வைத்து, ஏரி நிரம்பிய பிறகு நீர் கட்டுவது. சேறு கலக்கவும் நாற்று பறிக்கவும் ஆள் வேண்டாம். முதல் ஒரு மாதக் களையை அடக்கினால் போதும்.

மழையும் முன்போல் பெய்வதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை இந்த மாவட்டத்தை மூழ்கடித்தபோது, நீர் வடிய வழியின்றிக் கழனிகள் குளமாயின. நீர் கட்டுவதைப் போலவே நீர் வடிப்பதும் உழவே. வடிகால் தூர்ந்திருந்தால் எந்த ரகமும் தப்பாது.

சென்ற மாசியில் பொன்னேரிக்கு மேற்கே ஒரு கழனியில் நவரைப் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழனிக்காரர் குந்தி உட்கார்ந்து, ஒரு ஈர்க்குச்சியைக் குழாய்க்குள் விட்டு வெளியே எடுத்தார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. நனைந்த இடத்துக்கும் நிலமட்டத்துக்கும் இடையே விரலை வைத்து அளந்தார். "ஐயா, மின்சாரம் வந்துடுச்சே, போடலையா?" என்றேன். "இன்னும் நாலு விரக்கடை கெடக்குது தம்பி, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக் குச்சியை மோட்டார் கொட்டகையின் கூரையில் சொருகிவிட்டு, அதன் கதவைச் சாத்தினார். வரப்புக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் கழனியில், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.