மூடி வைத்தால் ஊர் சுற்றும் விளையாட்டு தெரியுமா?

பைக்குள் மூடிக் கிடக்கும் ஒரு வீடியோ கேம், யாரும் கைவைக்காமலே, எதிரே நடந்துபோகிறவரின் பைக்குள் இருக்கும் கேமோடு பேசிவிட்டு வரும். தெரியுமா? பேசிவிட்டுச் சும்மாவும் வராது, கையோடு ஒரு புதையல் வரைபடத்தை வாங்கி வரும்! 2009 கோடையில் ஜப்பானிய ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் இதுதான் நாள்தோறும் நடந்தது. விளையாட்டின் பெயர் 'டிராகன் குவெஸ்ட் 9'. புத்தகம்போல் மடியும் இரட்டைத் திரைக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்காக வந்தது. அந்த ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி விற்பனைக்கு வந்து, இரண்டே நாளில் 23 லட்சம் பிரதிகளைத் தாண்டிப் போனது.

இந்த வித்தைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சுரேசிகாய் சூஷின்'. வழியில் ஒருவரையொருவர் கடக்கும்போது நடக்கும் தகவல் பரிமாற்றம் என்று பொருள். இன்டர்நெட் வேண்டாம், போன் வேண்டாம். கேமில் அந்த வசதியைப் போட்டுவிட்டு மூடியை மடக்கிப் பையில் வைத்தால் போதும், கருவி தன் வயர்லெஸ் அலையில் அக்கம்பக்கம் தேடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் முகம் தெரியாத மூன்று பேர் உங்கள் சத்திரத்தில் வந்து தங்கியிருப்பார்கள்!

சத்திரமா? ஆமாம், இந்தக் கதையின் அழகே அதுதான். நாயகன் ஒரு தேவதூதன். சிறகும் ஒளிவட்டமும் போய் மண்ணில் விழுகிறான். அவனைப் பார்த்துக்கொள்ளும் ரிக்கா என்ற பெண், இறந்துபோன தன் அப்பாவின் சத்திரத்தைத் தலைநகரில் மறுபடி எடுத்து நடத்தப் போகிறாள். நீங்கள் தெருவில் கடந்துவந்த நிஜ மனிதர்களின் பாத்திரங்கள்தான் அவளுக்கு வாடிக்கையாளர்கள். அவரவர் உடுத்திய உடையிலேயே, அவரவர் எழுதிவைத்த வணக்கத்தோடு வருவார்கள். ஆள் வர வர ரிக்காவின் சத்திரமும் பெரிதாகிக்கொண்டே போகும். கதையில் எழுதிய விருந்தோம்பலை நிஜத் தெருவோடு இப்படிக் கோத்த விளையாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் புதையல் வரைபடங்களைச் சொல்லாமல் விட முடியுமா? ஒவ்வொன்றும் ஒரு சுரங்கக் குகைக்கு வழிகாட்டும். குகைகளைக் கணக்குப் போட்டு உருவாக்குவது கேம்தான். ஆனால் ஒரு வரைபடம் யார் கைக்குப் போனாலும் அதே குகை, அதே தளங்கள், அதே பெட்டிகள். சாதாரண ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த வரைபடத்தில், 15-ஆம் தளம் முழுக்க 'மெட்டல் கிங் ஸ்லைம்' மட்டுமே! அடித்தால் லேசில் சாகாது, கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும், அகப்பட்டால் ஒன்றே லட்சத்துக்கு மேல் அனுபவப் புள்ளி தரும். ஆட்டக்காரர்கள் ஏங்கித் தவிக்கும் பிராணி அது. அந்த ஒரு வரைபடம் பைக்குப் பை தாவி, ஊருக்கு ஊர் தாவி, ஜப்பான் முழுக்கப் பரவியது. கண்டெடுத்தவரின் பெயரே அதற்குப் பெயராகிவிட்டது. தோக்கியோவின் அகிஹபாராவில் யோதொபாஷி கேமரா கடையின் முன் டிஎஸ்ஸும் கையுமாக மக்கள் கூடி நின்றதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? இப்படி நடந்த சந்திப்புகள் 10 கோடியைத் தாண்ட, கின்னஸ் சாதனைப் புத்தகமும் பதிந்துகொண்டது. 2011-இல் வந்த நிண்டெண்டோ 3டிஎஸ்ஸில் இதே வசதியைக் கருவிக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள்.

நேரில் ஆளைக் கடந்தால்தான் நடக்கும் என்ற இந்தப் பலமேதான் விளையாட்டின் பெரிய பலவீனமும். அகிஹபாராவில் ஒரு மணி நேரத்தில் சத்திரம் நிரம்பும். மலையடிவாரக் கிராமத்துப் பையன் மாதக்கணக்கில் கருவியைச் சுமந்தாலும் ரிக்காவின் வாசலில் ஒரு ஆள் இராது. 2010-இல் இந்த விளையாட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது அங்கே பலருக்கும் இதே வெறுமைதான். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், இன்டர்நெட் வழியே சேர முடியாது. 184 கிளைப் பணிகளில் 64 இணைய இணைப்பு வழியாகத்தான் திறந்தன. அந்தச் சேவையை நிண்டெண்டோ 2014 மே மாதம் நிறுத்திவிட்டது.

இந்த விளையாட்டு முதலில் வேறு மாதிரி அறிவிக்கப்பட்டது தெரியுமா? 2006 டிசம்பரில் காட்டியபோது சண்டை, பொத்தானை அழுத்தி உடனுக்குடன் வெட்டும் ரகம். முறைவைத்து, யோசித்து அடிப்பதுதான் டிராகன் குவெஸ்ட் என்று ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தொடரின் தந்தை யூஜி ஹோரீயும் குழுவும் பழைய முறைக்கே திரும்பினார்கள். சரியான முடிவு என்பேன். கையடக்கக் கருவியில் ஆடுகிறவர் பாதியில் ரயில் இறங்க வேண்டியவர், யோசிக்க நேரம் தரும் சண்டைதான் அவருக்குத் தோது.

வேறு வியப்புகளும் உண்டு. வாங்கி மாட்டும் தொப்பி, காலுறை வரை எல்லாம் உங்கள் ஆள் உடம்பில் தெரியும். தரையில் திரியும் அசுரர்களை முன்கூட்டியே பார்த்து விலகிப் போகலாம், கடலில்தான் திடீரென்று வந்து விழுவார்கள். 1986-இல் வந்த முதல் விளையாட்டின் வில்லன் ரியூவோவே ஒரு வரைபடத்தில் காத்திருப்பான். அவனை வீழ்த்தியபின் வென்ற அனுபவப் புள்ளியை அவனுக்கே ஊட்டி, 99-ஆம் லெவல் வரை வளர்த்து, மறுபடி மோதலாம். எதிரிக்குச் சோறு போட்டு வளர்க்கும் விளையாட்டு!

ஆனால் கூட வரும் மூன்று தோழர்கள்? முகம், முடி, பெயர் எல்லாம் நீங்களே வைத்தவர்கள், கதையில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இதற்கு முந்தைய டிராகன் குவெஸ்ட் 8-இல் யாங்கஸ் என்ற முரட்டுத் தோழனின் பேச்சில் கிறங்கியவர்களுக்கு இந்த மௌனம் வலிக்கும். எனக்கு வலித்தது.

அதைவிடப் பெரிய குறை, ஒரு கேட்ரிட்ஜில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கேட்ரிட்ஜ் வாங்க வேண்டியதுதான். இன்று பழைய கேம் கடையில் ஒன்றை வாங்கிக் கருவியில் செருகினால், உள்ளே முன்பு ஆடியவரின் ஆட்டம் அப்படியே இருக்கக்கூடும். ரிக்காவின் சத்திரத்தில் அவர் எங்கோ ஒரு தெருவில் கடந்துபோனவர்கள் அன்றைய தொப்பியும் வணக்கமுமாக நின்றுகொண்டிருப்பார்கள். நீங்கள் உங்கள் ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமானால் அவர்கள் எல்லாரையும் அழித்தாக வேண்டும்.