காற்றை உடுத்திக்கொண்டு இறங்குவது

டிரைசூட் என்ற நீர்புகா முக்குளிப்பு உடையின் கழுத்து வளையம்தான் முதல் சோதனை. மெல்லிய லேடெக்ஸ் ரப்பர். உள்பக்கம் பவுடர் தூவி, இரண்டு கை விரல்களாலும் அகட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை நுழைக்க வேண்டும். காது மடங்கும், முடி மாட்டி இழுக்கும், ஒரு நொடி மூச்சு முட்டும். தலை வெளியே வந்ததும், வளையம் சுருளாமல் தோலோடு படிந்திருக்கிறதா என்று பயிற்றுநர் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். நாலு முடி சிக்கியிருந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

இத்தனை பாடும் ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவுக்காக. திங்வெட்லிர் தேசியப் பூங்காவில், வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கும் நிலத்தில் உண்டான பிளவு அது. லாங்யோகுட்ல் பனிப்பாளம் உருகிய நீர், எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் கசிந்து வடிந்து அங்கே வந்து சேர்கிறது. 100 மீட்டர் தள்ளியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வருடம் முழுக்கக் குளிர் 2 முதல் 4 டிகிரிதான். டிரைசூட் அனுபவத்துக்குச் சான்று காட்டாதவரை அங்கே ஸ்கூபாவுக்கு விடுவதில்லை. கறாரான விதி, ஏன் என்பது எனக்குப் பயிற்சியில்தான் உறைத்தது.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெட்சூட்டில் தோலை ஒட்டி நீர் புகும், டிரைசூட்டில் புகாது. சூடு தருவது உள்ளே போடும் கம்பளி உடுப்பும் அதில் தங்கும் காற்றும்தான். பருத்தி ஆகாது, வியர்வையை உறிஞ்சிச் சில்லிட்டுவிடும்.

சிக்கலும் அந்தக் காற்றில்தான். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, காற்று பாதியாகச் சுருங்கும். உடையின் மடிப்புகள் தோலைக் கவ்விப் பிடிக்கும். மார்பிலுள்ள பொத்தானை விட்டு விட்டு அழுத்தி, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும். அப்போது இடது முழங்கையைத் தூக்கினால், மேற்கையிலுள்ள வால்வு வழியே குமிழ்களாக வெளியேறும்.

காற்று எப்போதும் உயரமான இடத்தைத்தான் தேடும். நீச்சல்குளத்தில் முதல் நாள், தலையைச் சற்றுத் தாழ்த்தினேன். காற்று முழுவதும் கால்களுக்கு ஓடியது. பாதம் பலூனாக உப்பி, தலைகீழாக மேலே இழுத்தது. கைவால்வு இப்போது கீழே இருக்கிறது. அதன் வழியே எதுவும் போகாது. முழங்காலை மார்போடு மடக்கி, உருண்டு, நிமிர்ந்து, கையைத் தூக்க வேண்டும். 3 மீட்டர் குளத்தில் இதை எட்டு முறை செய்தோம். குளத்துப் பயிற்சியைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்களிடம் மன்றாடியாவது சொல்வேன்: கடலில் இதே வேகத்தில் மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியலாம்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் இன்னொரு காரியம், பயத்தில் இடுப்பில் கூடுதல் ஈயம் கட்டுவது. நானும் கட்டினேன். கூடுதல் ஈயம் கீழே இழுக்கும். அதைச் சமாளிக்கக் கூடுதல் காற்று விடுவோம். அந்தக் காற்று உடைக்குள் தலைக்கும் காலுக்குமாக அலையும். பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் என் பெல்ட்டிலிருந்து இரண்டு கட்டிகளை உருவிக் கரையில் வைத்தார். அடுத்த முறை இறங்கியபோது உடல் கிடைமட்டமாக நின்றது. அசையாமல் நிற்க முடிந்தது அப்போதுதான்.

பிரிட்டனில் பலர் முதல் ஸ்கூபா வகுப்பையே டிரைசூட்டில்தான் படிக்கிறார்கள். அது நல்லது என்றே நினைக்கிறேன். வெட்சூட்டில் ஊறிய பழக்கங்களை மறக்கப் பாடுபட வேண்டியதில்லை.

சில்ஃப்ராவில் இறங்கியதும் குளிர் தாக்கியது உதட்டைத்தான். அதற்கு மட்டும் உடுப்பு கிடையாது. இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர், நடுவில் நீலம், என் குமிழ்கள் மேலே போகும் சத்தம். கரையேறி ஜிப்பைத் திறந்தபோது உள்ளுடுப்பு காய்ந்தே இருந்தது. மணிக்கட்டில் நரம்பு புடைக்கும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். "எப்படி இருந்தது?" என்றார் வழிகாட்டி. உதடு மரத்திருந்ததால் சொல் திரளவில்லை. குனிந்து, அந்த நீரையே இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்தேன்.