தி. முத்துசாமி ஐயர்

சர் தி. முத்துசாமி ஐயர் (28 சனவரி 1832 – 25 சனவரி 1895) சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆவார். இந்தியர்களை உயர்பதவிகளில் அமர்த்தலாமா என்பதே விவாதமாக இருந்த காலத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்பதவியில் பணியாற்றியவர்.

இளமையும் கல்வியும்

தஞ்சாவூர் மாவட்டம் உச்சுவாடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் தாயுடன் திருவாரூரில் வாழ்ந்தார். அவ்வூரின் பெயரே அவரது முன்னெழுத்தாயிற்று. சிறுவனாக இருந்தபோதே கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒருமுறை ஆற்றங்கரை உடைப்பைப் பற்றி விசாரித்துவர அனுப்பப்பட்ட அவர், கேட்கப்பட்டதற்கும் மேலாகவே எல்லா விவரங்களையும் தெரிந்து வந்து சொன்னதாகக் கூறுவர். அவரது திறமையை அறிந்த தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவரைப் படிக்க வைத்தார். நாகப்பட்டினம் மிஷன் பள்ளியில் பயின்றபின் சென்னைக்குச் சென்று, பவெல் என்னும் ஆங்கில ஆசிரியரிடம் கல்வி கற்றார். 1854-இல் மாகாண அளவிலான ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். அவர் தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தார் என்ற செய்தி இன்றும் மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

பணிவாழ்க்கை

முதலில் பள்ளித் துணை ஆய்வாளராக இருந்தார். வக்கீல் தேர்வில் வெற்றி பெற்று, தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் துணை ஆட்சியராகவும், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும் பணிபுரிந்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே சட்டம் பயின்று, 1871-இல் பி.எல். தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார்.

உயர் நீதிமன்ற நீதிபதி

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே நீதிபதியாகியிருந்தார். சென்னையில் 1878-இல்தான் இந்தியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் முத்துசாமி ஐயரின் நியமனத்தைக் கடுமையாக எதிர்த்தன. இந்தியர் தரப்பைச் சொல்ல வலுவான ஆங்கிலப் பத்திரிகை அப்போது சென்னையில் இல்லை. இக்குறையைப் போக்க ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட இளைஞர் அறுவர் 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சிட்டவை 80 பிரதிகள் மட்டுமே. இவ்வாறு, ஒரு நீதிபதியின் நியமனம் ஒரு பத்திரிகை பிறக்கவும் காரணமாயிற்று.

எதிர்ப்புகளுக்கு அவர் தம் பணியாலேயே விடையளித்தார். 1883-இல் அவரது பதவி நிரந்தரமாக்கப்பட்டது. மருமக்கள் தாயக் குடும்பங்களின் திருமண உறவுகளைச் சட்டம் ஏற்க வேண்டுமா என ஆராய 1891-இல் அமைக்கப்பட்ட மலபார் திருமண ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். அதன் தொடர்ச்சியாக, அவரது மறைவுக்குப் பின் 1896-இல் மலபார் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு 'சர்' பட்டமும் பெற்றார்.

மறைவும் நினைவும்

1895 சனவரி 25 அன்று, பதவியில் இருந்தபோதே காலமானார். அவரது பளிங்குச் சிலை சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் உள்ளது. மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கெழுத உதவிய சிறுவன், மாகாணத்தின் தலைமை நீதிபதி இருக்கை வரை உயர்ந்தார். அறுபத்து மூன்று ஆண்டுகூட நிறைவடையாத வாழ்நாளில் அவர் எட்டிய உயர்வு அது.